'மெஜஸ்டி'யும் மாட்சிமையும்: ஒரு சொற்பொருள் நோக்கு

ஆங்கிலத்தில் 'மெஜஸ்டி' என்னும் பெயர்ச்சொல்லும், அதனடியாகப் பிறந்த 'மெஜஸ்டிக்' என்னும் பெயரடையும் தமிழில் மொழிபெயர்ப்போர்க்கு அடிக்கடி இடர் விளைவிப்பன. அகராதியைப் புரட்டினால் மாட்சிமை, மாண்பு, மகத்துவம், கம்பீரம், பீடு என ஒரு வரிசை கிடைக்கிறது. அவற்றுள் எதனை எவ்விடத்து ஆள்வது என்னும் குறிப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரு சொல்லுக்குப் பல நிகரன்கள் இருப்பது குறையன்று. அந்நிகரன்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை என்னும் தோற்றத்தை அகராதி உண்டாக்குவதுதான் குறை. அவை அவ்வாறு நிற்கமாட்டா என்பதையும், அதற்கான காரணம் பொருளளவில் மட்டுமன்றித் தொடரமைப்பிலும் உள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாறு. இலத்தீனில் 'மாக்னுஸ்' என்பது 'பெரிய' எனப் பொருள்படும்; அதன் ஒப்பீட்டு வடிவம் 'மாயோர்', அதாவது 'அதனினும் பெரிய'. 'மாயெஸ்தாஸ்' என்னும் பண்புப்பெயர் இதனோடு தொடர்புடையது. ஆகவே இச்சொல்லின் கருவிலேயே ஓர் ஒப்பீடு உள்ளது: பிறரினும் பெரியவராக இருக்கும் நிலையே 'மாயெஸ்தாஸ்'. (நாம் நாளும் வழங்கும் மேயர், மேஜர் ஆகிய கடன்சொற்களும் அதே 'மாயோர்' என்பதன் வழிவந்தவை.) உரோமைக் குடியரசில் இப்பெருமை அரசனுக்கு உரியதாக இருக்கவில்லை, உரோம மக்களுக்கு உரியதாக இருந்தது. அதனைக் குறைப்பது குற்றமாகக் கருதப்பட்டது. கி.மு. 103 அளவில் சத்துர்னீனுஸ் கொண்டுவந்த சட்டம் இக்குற்றத்தைப் பற்றியதே. பேரரசு தோன்றியபின் அக்குற்றத்தின் பொருள் இடம் மாறியது. திபேரியுஸ் காலத்தில் (கி.பி. 14-37) பேரரசரை இழித்துரைத்தார் என்பதற்காகவே பலர் விசாரிக்கப்பட்டனர். மக்களிடமிருந்த பெருமை ஒருவரிடம் குவிந்த வரலாற்றை இவ்வொரு சொல்லின் பொருள்மாற்றத்திலேயே காணலாம்.

பிரெஞ்சு வழியாக ஏறத்தாழக் கி.பி. 1300இல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இச்சொல் பெரிதும் இறைவனின் மாண்பையே குறித்தது. மன்னரை விளிக்கும் பட்டமாக அது நிலைபெற்றது பின்னரே. 1519இல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் சார்லஸ் இப்பட்டத்தை மேற்கொள்ள, பிற மன்னரும் அவரைப் பின்பற்றினர். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில் 'கிரேஸ்', 'ஹைனஸ்', 'மெஜஸ்டி' ஆகிய மூன்றும் கலந்து வழங்கின. பதினேழாம் நூற்றாண்டில்தான் முன்னிரண்டையும் விலக்கி 'மெஜஸ்டி' தனியாட்சி பெற்றது.

தரவரிசையைச் சுட்டும் இக்கூறு பிரிட்டிஷ் இந்தியாவில் கூர்மையாக வெளிப்பட்டது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி விக்டோரியா இந்தியப் பேரரசியானார். 'மெஜஸ்டி' பிரித்தானிய முடிக்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டது. இந்தியச் சுதேச மன்னர்கள் எத்துணைப் பெரிய நாட்டை ஆண்டாலும் 'ஹைனஸ்' என்னும் படிக்கு மேல் ஏற இயலவில்லை. ஐதராபாத் நிஜாமுக்கு 1918இல் 'எக்ஸால்டட்' என்னும் அடையைச் சேர்த்துத் தனிச்சிறப்பு அளித்தனரேயன்றி 'மெஜஸ்டி' என்பதை அளிக்கவில்லை. இதில் மொழியியலார்க்குச் சுவை பயக்கும் ஒரு முரண் உண்டு. 'மகாராஜா' என்பதன் 'மகா'வும் 'மெஜஸ்டி'யின் முதற்பகுதியும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். வடமொழிக் கிளையைத் தாராளமாக வழங்கியவர்கள் இலத்தீன் கிளையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டனர்!

இனித் தொடரமைப்புக்கு வருவோம். ஆங்கிலப் பட்டத்தில் ஆள் மறைந்து பண்பு முன்நிற்கிறது. 'உங்கள் மாட்சிமை', 'அவரது மாட்சிமை' என்னும் அமைப்பில் தலைச்சொல் பண்புப்பெயரே. அரசர் வெறும் உடைமைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறார். நேரில் நிற்பவரை விளிக்கும்போதும் வினை படர்க்கை ஒருமையிலேயே முடிகிறது. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் மறைந்து மூன்றாம் சார்லஸ் பதவியேற்றபோது அரசாங்கத்தின் முறையான பெயரில் மாறியது அவ்வுடைமைச் சொல் ஒன்றே. 'மெஜஸ்டி' அசையாமல் நின்றது. தமிழ் இதற்கு நேர்மாறானது. 'மாட்சிமை தங்கிய அரசியார்' என்பது 'மாட்சிமை தங்கிய அரசர்' என மாறும். இங்கே தலைச்சொல் ஆளே. பண்பு 'தங்கிய' என்னும் பெயரெச்சத்தின் வழியாக அவரைத் தழுவி நிற்கிறது. 'மாட்சிமையே, வருக' எனத் தமிழில் எவரும் விளிப்பதில்லை. விளித்தால் அது பண்பை உருவகித்த கவிதையாகுமே தவிர மரியாதையாகாது.

விவிலியத் தமிழும் இதனை உறுதிப்படுத்துகிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இறைவனையே 'மெஜஸ்டி' எனப் பண்புப்பெயரால் சுட்டுமிடத்தில், தமிழ் மொழிபெயர்ப்பு 'மகத்துவமானவர்' என்கிறது. பண்பு, உயர்திணைப் பெயராக்கப்பட்டால்தான் தமிழ்ச்செவி அதனை ஏற்கிறது.

அப்படியாயின் ஆளுக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லி மதிக்கும் வழக்கம் தமிழில் இல்லையா எனில், உண்டு. ஆனால் தமிழ் அதற்குத் தேர்ந்தெடுப்பது பண்பை அன்று. திருமுன் என்னும் இடத்தை. சைவ ஆதீனத் தலைவரைச் 'சந்நிதானம்' என்றும், பழைய கடிதங்களில் மன்னரைச் 'சமூகம்' என்றும் குறித்த வழக்குகள் இதற்குச் சான்று. இரண்டுமே முன்னிலையில் இருத்தலைச் சுட்டும் வடசொற்கள். 'சந்நிதானம் எழுந்தருளினார்கள்' என அஃறிணைப் பெயர் உயர்திணைப் பன்மை வினைகொண்டு முடிவதும் நோக்கத்தக்கது; ஆங்கிலம் வினையைப் பண்புக்கேற்ப அமைக்க, தமிழ் மறைந்து நிற்கும் ஆளுக்கேற்ப அமைக்கிறது.

'மாட்சிமை' என்னும் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பு எத்தகையது? காண் என்பதிலிருந்து காட்சி வருவதுபோல மாண் என்பதிலிருந்து மாட்சி வருகிறது. அதன்மேல் 'மை' என்னும் பண்புப்பெயர் விகுதி மீண்டும் ஏறியுள்ளது. மாண்தல் என்பது சிறத்தல். இதில் ஒப்பீடு இல்லை, அரசத்தன்மையும் இல்லை. திருக்குறளில் 'இறைமாட்சி' என ஓர் அதிகாரம் இருப்பதைக் கொண்டு இது அரசர்க்குரிய சொல் என எண்ணிவிடக் கூடாது. அதே நூலில் 'படைமாட்சி' என்னும் அதிகாரமும் உண்டு; வாழ்க்கைத்துணைநலத்தில் 'மனைமாட்சி'யும் பேசப்படுகிறது. அரசனுக்கும் படைக்கும் இல்லத்துக்கும் பொதுவாக நிற்கும் சொல்லாகவே அது அமைந்துள்ளது. இறைமாட்சி அதிகாரமும் அரசன் பிறரினும் உயர்ந்த படியில் நிற்பதைப் பற்றியதன்று. காட்சிக்கு எளியனாதல், கடுஞ்சொல் கூறாமை முதலான இயல்புகளைப் பற்றியது. 'மெஜஸ்டி'க்கு நிகராக ஆட்சித்தமிழ் இச்சொல்லைத் தேர்ந்தபோது, படிநிலையைக் குறிக்கும் சொல்லுக்குப் பண்புநலனைக் குறிக்கும் சொல்லை வைத்தது. பட்டமாக அது நன்கு வேரூன்றிவிட்டது. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் 'மாட்சிமை தங்கிய மாமன்னர்' என்று இன்றும் எழுதுகின்றன. முடியரசு இல்லாத இடத்திலும் அது தடையின்றிப் பொருந்துகிறது. 'சட்டத்தின் மாட்சிமை' என்னும்போது நெருடல் ஏதுமில்லை.

நெருடல் தோன்றுவது பெயரடையில்தான். 'மெஜஸ்டிக்' என்பதற்கு 'மாட்சிமை மிக்க யானை' என எழுதுவது பிழை என்றே கூறுவேன்; யானையின் ஒழுக்கத்தைப் பாராட்டுவது போல அது ஒலிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் புலனாகும் பெருந்தோற்றத்தைத் தமிழர் 'கம்பீரம்' என்றே சொல்கின்றனர். வடமொழியில் 'கம்பீர' என்பது ஆழமானது எனப் பொருள்படும்; நீருக்கும் ஒலிக்கும் எண்ணத்துக்கும் அது வழங்கியது. இந்தியிலும் கன்னடத்திலும் அது 'கருத்தூன்றிய, கடுமையான' என்னும் பொருளுக்குச் சென்றது. இந்திச் செய்தித்தாளில் நோயாளியின் நிலை 'கம்பீர்' என்றால் அவர் கவலைக்கிடமாக இருக்கிறார் என்பதே பொருள். மலையாளத்தில் 'மிகச் சிறப்பு' என்னும் பாராட்டாக அது விரிந்தது. தமிழிலோ நிமிர்ந்த தோற்றத்தையும் உரத்த குரலையும் குறித்தது. இரண்டாம் இராசராசன் 'இராசகம்பீரன்' என்னும் பட்டம் தாங்கினான். தாராசுரம் கோயில் மண்டபம் ஒன்று அப்பெயரால் வழங்குகிறது. கீழ்நோக்கி அளந்த சொல் தமிழில் மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டது.

இந்நிமிர்வே அச்சொல்லின் எல்லையும் ஆகிறது. கோபுரம், சிங்கம், குதிரைமேல் வீரன், மலைச்சிகரம் ஆகியவை கம்பீரமானவை, குரலும் அவ்வாறே. பரந்து கிடப்பவற்றுக்கு அது பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் பிரம்மபுத்திராவையும் அந்திவானையும் 'மெஜஸ்டிக்' எனலாம். தமிழில் 'கம்பீரமான அந்திவானம்' செவிக்கு ஒவ்வாது. அங்கே 'பேரெழில்' போன்ற சொற்களே தக்கவை. நடைக்குப் 'பீடு' உண்டு. 'பெருமிதம்' என்பதை இவ்வரிசையில் சேர்ப்பதில் கவனம் தேவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அதனைக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கின்வழித் தோன்றும் உள்ளநிலையாகக் கூறுகிறது. அது காண்போர்க்குத் தெரியும் தோற்றத்தின் பெயரன்று, உடையவர் உள்ளத்தில் எழுவது. ஆகவே அகராதிப் பதிவில் நிகரன்களை வெறுமனே அடுக்காமல், பட்டம், நிறுவனத்தின் மாண்பு, நிமிர்ந்த தோற்றம், பரந்த காட்சி, நடை என அடைகொள்ளும் பெயரின் வகையை ஒட்டிப் பிரித்துத் தருதல் வேண்டும்.

மொழிபெயர்க்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. பெங்களூரின் கெம்பேகவுடா பேருந்து நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மக்கள் 'மெஜஸ்டிக்' என்றே அழைக்கின்றனர். அப்பகுதியில் முன்பு இருந்த திரையரங்கு ஒன்றின் பெயர் அது. அரங்கு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நெரிசலில் அவ்வூர்ப் பேருந்துக்குக் காத்திருப்போர் எவருக்கும் அச்சொல்லால் அரசர் நினைவு வருவதில்லை.