நாலு ஃபோல்டரை ஒரே நேரத்தில் காப்பி போட்டால் வேகம் கூடுமா? டிஸ்க்கைப் பொறுத்தது!

பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கல்யாண போட்டோ, வீடியோவை எல்லாம் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் லேட் ஆகும் என்று நாலைந்து ஃபோல்டரை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறோம். ஆனால் வேகம் பல நேரங்களில் குறையத்தான் செய்யும். ஏன்?

ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுழலும். அதைப் படிக்கும் முனைகள் எல்லாம் சேர்ந்தேதான் நகரும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே சுமார் 8.3 மில்லி செகண்ட் ஆகும். முனை இடம் மாற வேண்டும், தேவையான பகுதி சுழன்று வர வேண்டும். இப்படித் தாவித் தாவிப் படித்தால் செகண்டுக்கு சுமார் 100 தடவைதான் முடியும். தடவைக்கு 4 கேபி என்றால், கணக்கு போட்டுப் பாருங்க, வெறும் 400 கேபி! அதே டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் 100 எம்பியைத் தாண்டும். காப்பி போடும்போது பெரிய துண்டுகளாகப் படிப்பதால் இவ்வளவு மோசம் ஆகாது. ஆனாலும் நஷ்டம்தான்.

ஒரு வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்வதைத்தான் சாஃப்ட்வேரில் 'மல்டி த்ரெட்' என்கிறார்கள். கவுன்ட்டர் ஒன்றே ஒன்று இருக்கும்போது நாலு வரிசையில் நின்று என்ன பயன்?

எஸ்எஸ்டி என்றால் கதையே வேற

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. பல ஃபிளாஷ் சிப்கள் ஒரே சமயத்தில் வேலை செய்யும். ஒரே த்ரெட் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டால், பாதி சிப்கள் சும்மா இருக்கும். சாட்டா டிஸ்க் ஒரே வரிசையில் 32 கட்டளைகளை வாங்கும். என்விஎம்இ விதிமுறையோ 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. அதனால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் மல்டி த்ரெட் நன்றாகவே கைகொடுக்கும். ஒரே பெரிய வீடியோ என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது.

விண்டோஸில் உள்ள ரோபோகாப்பியில் 'எம்டி' ஆப்ஷன் கொடுத்தால் 8 த்ரெட் ஓடும். 128 வரை கூட்டலாம். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு அதை 1 என்று வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: ஒரே ஃபோல்டரை வைத்து இரண்டையும் சோதித்தால் இரண்டாவது தடவை எப்படியும் வேகமாகத்தான் தெரியும். முதல் தடவை படித்தது ரேமில் இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சோதித்தால்தான் உண்மையான வேகம் தெரியும்.