விறகடுப்பு அணையவில்லை

சென்ற திங்கள் நம் மன்றத்தில் நடந்த சொற்போரில், 'நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது' என்னும் அணியில் நின்று பேசினேன். 1900இல் உலகம் செலவிட்ட ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை அளித்த நிலக்கரி, இன்று நாலில் ஒரு பங்கைத்தான் அளிக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். கையொலி எழுந்தது, எங்கள் அணியே வென்றது. நான் சொன்ன கணக்கில் பிழையில்லை; அதிலிருந்து நான் கண்ட முடிவுதான் பிழை. அதைத் திருத்தவே இக்கட்டுரை.

மறுநாள் நூலகத்தில் அமர்ந்து, பங்கை விட்டு அளவைத் தேடினேன். 1900இல் உலகம் வெட்டி எடுத்த நிலக்கரி ஏறத்தாழ 80 கோடி டன். 2024இல் எரித்ததோ ஏறத்தாழ 880 கோடி டன். அதற்குமுன் எந்த ஆண்டிலும் மனிதன் அவ்வளவு எரித்ததில்லை. பங்கு பாதியாயிற்று, அளவு பத்து மடங்குக்கு மேலாயிற்று. இது எப்படி?

நம் விடுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 200 மாணவர்; அவருள் 100 பேர் தமிழர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் விடுதி பெருத்து 3,000 மாணவர் ஆயினர்; தமிழர் 750 பேர். தமிழர் பங்கு பாதியிலிருந்து காலாகக் குறைந்தது. அதற்காகத் தமிழர் குறைந்துவிட்டனர் என்று சாம்பார் வைப்பவரிடம் சொன்னால் அவர் நகைப்பார்! உலகின் மொத்தச் செலவு பெருகும்போது, பங்கு குறைந்தும் அளவு கூடலாம்.

வரலாற்றைப் பார்ப்போம். 1800இல் உலகம் செலவிட்ட எரிபொருளை நூறு கூறாக்கினால், 98 கூறு விறகு, சருகு, வறட்டி ஆகியவை. நிலக்கரி இரண்டே கூறு. நீராவிப் பொறியும் இரயிலும் கப்பலும் பெருகப் பெருக, 1900 அளவில் நிலக்கரி விறகுக்குச் சமமாக எழுந்து நின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859இல் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது உலகம் நாடியது விளக்குக்கு மண்ணெண்ணெயை. காருக்குப் பெட்ரோல் தேவைப்பட்டது பின்னர். 1960களில் எண்ணெய் நிலக்கரியை முந்தியது. அடுத்து இயற்கை வாயு, அணு மின்சாரம், இன்று காற்றும் கதிரவனும்.

இவற்றுள் ஒன்றாவது முன்னதை விரட்டியதா? இல்லை. விறகும் வறட்டியுங்கூட 1900இல் எரிந்ததைவிட இன்று உலகில் அதிகமாகவே எரிகின்றன என்பது ஆய்ந்தோர் மதிப்பீடு. எனக்கு எங்கள் ஊர் வீடு நினைவுக்கு வந்தது. எரிவாயு அடுப்பு வந்த அன்று அம்மா அதற்குப் பொட்டிட்டு வரவேற்றாள். ஆயினும் கொல்லைப்புற விறகடுப்பு இடிக்கப்படவில்லை. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அது இன்றும் எரிகிறது. உலகமும் எங்கள் வீட்டைப் போலத்தான்: புது அடுப்பு வாங்குகிறது, பழையதை அணைப்பதில்லை.

காரணங்கள் சில. மக்கட்தொகை 1900இல் 160 கோடி. 2022இல் 800 கோடி. ஒவ்வொருவரின் தேவையும் வளர்ந்தது. மேலும், வேலை இழந்த எரிபொருள் வேறு வேலை தேடிக்கொள்கிறது. இரயில் எஞ்சினை விட்டிறங்கிய நிலக்கரி மின் நிலையத்திற்குள் புகுந்தது. மூன்றாவது காரணத்தை ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1865இலேயே கூறினார்: பொறி சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும், ஏனெனில் மலிவானதை எல்லோரும் பயன்படுத்துவர்.

அணைக்கவே முடியாதா? முடியும். நிலக்கரியால் எழுந்த பிரிட்டனே சான்று. 1913இல் அந்நாடு 28 கோடி டன்னுக்கு மேல் வெட்டி எடுத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிவிட்டது. வடகடல் வாயுவும், காற்றாலைகளும், கரிப்புகைக்கு இட்ட வரியும் அதற்குத் துணைபுரிந்தன. ஆனால், சுரங்கத்தை நம்பியிருந்த ஊர்கள் பிழைப்பிழந்து வாடின. அணைப்பதற்கும் விலையுண்டு; அதை யார் கொடுப்பது என்பது பெரிய கேள்வி.

அக்கேள்வி நம் வாசலுக்கும் வந்துள்ளது. நம் நாடு 2024-25இல் 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிலிருந்தே பிறக்கிறது. ஜாரியாவிலும் இராணிகஞ்சிலும் அதை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனையோ! மறுபுறம், காற்றிலுள்ள கரியமில வாயு, ஹவாய் மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் பத்து லட்சத்தில் 315 பங்கு. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அவ்வாயுவுக்குப் பங்குக் கணக்கு தெரியாது. எத்தனை டன் எரிந்தது என்பதே அதற்குக் கணக்கு.

2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைக் காற்றும் கதிரவனும் தந்தன. மகிழ்ச்சியே. ஆயினும் நண்பர்களே, இனிமேல் 'புதியது எவ்வளவு வந்தது?' என்று எவரேனும் பெருமை பேசினால், 'பழையது எத்தனை டன் குறைந்தது?' என்று கேளுங்கள். அன்று எதிரணியில் ஒருவராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். தோற்றிருக்கவும் வேண்டும்.