உம்மு சலமா அம்மையாரின் வாழ்வும் பண்பு நலன்களும்

ஆய்வுச் சுருக்கம்

இசுலாமியத் தொடக்கக் காலப் பெண்மணிகளுள் உம்மு சலமா (ரலி) அவர்கள் பெரும்பாலும் பொறுமையின் உருவமாகவே போற்றப்படுகிறார். அவர் வாயிலாகவும் அவரைப் பற்றியும் வந்துள்ள அறிவிப்புகளை நோக்குங்கால், நிகழ்வுகளைச் சான்றுரைக்கும் நேர்மை, வினவும் துணிவு, காலமறிந்து கூறும் அறிவுரை, சட்ட நுட்பம் ஆகியனவும் அவர்தம் தலைமைப் பண்புகளாக விளங்குகின்றன. இவற்றை எடுத்துக்காட்டி விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: உம்மு சலமா, ஹிஜ்ரத், ஹுதைபிய்யா, ஹதீஸ் அறிவிப்பு, இத்தா.

முன்னுரை

உம்மு சலமா அவர்களின் இயற்பெயர் ஹிந்த் என்பதாகும். குறைஷியரின் மக்ஸூம் கிளையைச் சார்ந்த அபூ உமைய்யா இவர்தம் தந்தை. தம்மோடு பயணம் செய்வோர் அனைவரின் உணவுப் பொறுப்பையும் தாமே ஏற்றமையால் ‘பயணியரின் கட்டுச்சோறு’ என்னும் பொருள்படும் சிறப்புப் பெயரால் அவர் அழைக்கப்பட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை பர்ராவின் மகனான அபூ சலமா, உம்மு சலமாவின் முதற்கணவர். இவ்விருவரும் இசுலாத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றவர்கள்.

வரலாற்றுச் சான்றுரைஞர்

மக்காவில் கொடுமைகள் மிகுந்தபோது, கி.பி. 615 அளவில் தொடங்கிய அபிசீனியக் குடிபெயர்வில் இத்தம்பதியரும் சென்றனர். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் குறைஷித் தூதுவர்கள் முறையிட்டதும், ஜஃபர் இப்னு அபீதாலிப் மறுமொழி உரைத்ததும் இசுலாமிய வரலாற்றில் பெரிதும் எடுத்தாளப்படும் நிகழ்வுகளாகும். இவற்றை விரித்துரைக்கும் நெடிய அறிவிப்பு, இப்னு இஸ்ஹாக்கின் நூலில் உம்மு சலமா அவர்களின் வாய்மொழியாகவே இடம்பெறுகிறது. அகதியாய்ச் சென்ற ஒரு பெண்ணின் நினைவாற்றலே இவ்வரலாற்றுப் பகுதிக்கு முதன்மைச் சான்றாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

மதீனாவை நோக்கிய ஹிஜ்ரத்தின் துயரத்தையும் அவரே எடுத்துரைத்துள்ளார். கணவருடன் புறப்பட்ட அவரை அவருடைய குலத்தார் தடுத்து நிறுத்தினர். கணவரின் குலத்தாரோ குழந்தை சலமாவைத் தமக்கென இழுத்துச் சென்றனர். அவ்விழுபறியில் குழந்தையின் கை மூட்டு பிசகியது. கணவர் மதீனாவிலும் மகன் வேற்றுக் குலத்தாரிடத்தும் மனைவி மக்காவிலுமாக அக்குடும்பம் சிதறியது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் அப்தஹ் வெளியில் அமர்ந்து அவர் அழுதார். இறுதியில் உறவினர் ஒருவர் பரிந்து பேசவே, மகனைப் பெற்றுக்கொண்டு ஒட்டகத்தின்மீது தனியே புறப்பட்டார்.

தன்ஈம் என்னுமிடத்தில் அவரைக் கண்ட உஸ்மான் இப்னு தல்ஹா அன்று இசுலாத்தை ஏற்றிராதவர். ஆயினும் தனித்துச் செல்லும் பெண்ணைக் கைவிட மனமின்றி, ஒட்டகத்தின் கயிற்றைப் பற்றி நடந்து, குபா வரை கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பினார். அவரினும் கண்ணியம் மிக்க வழித்துணையைத் தாம் கண்டதில்லை என உம்மு சலமா போற்றியுள்ளார். தம்மைத் துன்புறுத்திய ஊரைச் சார்ந்த, தம் சமயத்தைச் சாராத ஒருவரின் நற்பண்பை மறைக்காது உரைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

இழப்பும் மறுமணமும்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் அபூ சலமா காயமுற்றார். ஆறியதாகத் தோன்றிய அப்புண் மீண்டும் முற்றியமையால் மறு ஆண்டில் மறைந்தார். துன்பத்திற்கு நற்கூலியும் இழந்ததினும் சிறந்ததும் வேண்டும் இறைஞ்சுதலை நபியவர்கள் கற்பித்திருந்தார்கள். அதனை ஓதியபோது, அபூ சலமாவினும் சிறந்தவர் யார் இருக்க இயலும் என்று தம் உள்ளம் வினவியதை அம்மையார் ஒளிக்கவில்லை. நபியவர்கள் மணம் பேசியபோதும் உடனே இசையாது, தம் ரோஷ இயல்பையும் பிள்ளைகளைப் பேணும் பொறுப்பையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே ஹிஜ்ரி 4இல் திருமணம் நிகழ்ந்தது.

வினவும் துணிவு

ஆண்களைப் போன்று பெண்கள் குர்ஆனில் ஏன் எடுத்துரைக்கப்படுவதில்லை என நபியவர்களிடம் அவர் வினவினார். அதனையொட்டியே ஆண்களையும் பெண்களையும் இணை இணையாகக் குறிப்பிடும் 33:35ஆம் வசனம் அருளப்பெற்றது என நஸாஈ, அஹ்மத் ஆகியோர் பதிவுசெய்துள்ளனர்.

முஸ்லிம் தொகுப்பிலுள்ள மற்றொரு செய்தியும் இதனை வலியுறுத்துகிறது. பணிப்பெண் தமக்குத் தலைவாரிக்கொண்டிருந்த வேளையில், நபியவர்கள் ‘மக்களே’ என அழைக்கும் குரல் கேட்டு உம்மு சலமா எழ முற்பட்டார். அவ்வழைப்பு ஆண்களுக்கே உரியது எனப் பணிப்பெண் கூற, தாமும் மக்களுள் ஒருவரே என அவர் விடையிறுத்தார். ஒரு பொதுச்சொல்லின் பொருளெல்லைக்குள் பெண்ணும் அடங்குவாள் என்னும் மொழியியல் தெளிவு இவ்விடையில் அமைந்துள்ளது.

ஹுதைபிய்யா அறிவுரை

கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கையின்படி, உம்ரா செய்யாமலே திரும்பும் நிலை தோழர்களுக்கு ஏற்பட்டது. பலிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. இதனை நபியவர்கள் உம்மு சலமாவிடம் தெரிவித்தார்கள். எவரிடமும் பேசாமல் வெளியே சென்று, தம் பிராணியை அறுத்து, நாவிதரை அழைத்து முடி களையுமாறு அவர் கூறினார். நபியவர்கள் அவ்வாறே செய்ததைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினர் என்கிறது புகாரி தொகுப்பு. தோழர்களின் தயக்கம் கீழ்ப்படியாமையால் அன்று, முடிவு மாறக்கூடும் என்னும் எதிர்பார்ப்பாலேயே எழுந்தது என அவர் கணித்தார் எனலாம். சொல் தீர்க்காத தயக்கத்தைச் செயல் தீர்த்தது.

இந்நிகழ்வின் பிற்கால விளக்கம் ஆய்வுக்குரியது. பெண்ணொருத்தி கருத்துரைத்து அது சரியாக அமைந்தது உம்மு சலமா ஒருவரிடத்தன்றி வேறெங்கும் அறியப்படவில்லை என்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி கூறியதாக இப்னு ஹஜர் அஸ்கலானி எடுத்துக்காட்டுகிறார். மூசா நபியைப் பணிக்கமர்த்துமாறு தந்தையிடம் கூறிய ஷுஐபின் மகளைச் சுட்டிச் சிலர் இக்கூற்றுக்குத் திருத்தம் கூறியதையும் அவரே பதிவுசெய்கிறார். முதல் வஹீயின்போது நபியவர்களைத் தேற்றி வரகாவிடம் அழைத்துச் சென்ற கதீஜா அம்மையாரையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். உம்மு சலமாவின் சிறப்பை விதிவிலக்காகக் கொள்வது அவரைப் புகழ்வதுபோல் தோன்றினும் ஏனைய பெண்களின் அறிவை மறுப்பதாகவே முடியும்.

சட்ட நுட்பம்

உம்மு சலமாவின் அறிவிப்புகள் 378 என தஹபீ குறிப்பிடுகிறார். அவர் தீர்ப்பின் பயன் பெண்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டது. கணவனை இழந்த கருவுற்ற பெண்ணின் இத்தா, பேறுகாலம், நான்கு மாதம் பத்து நாள் ஆகிய இரண்டினுள் நீண்டது என்பது இப்னு அப்பாஸின் கருத்து. அபூ சலமா இப்னு அப்துர் ரஹ்மான் பேற்றுடனேயே இத்தா முடிவுறும் என்றார். தீர்வுக்காக உம்மு சலமாவிடம் குரைப் அனுப்பப்பட்டார். கணவர் இறந்து சில நாள்களில் மகப்பேறு அடைந்த சுபைஆ என்பவருக்கு நபியவர்கள் மணம் செய்துவைத்ததை அம்மையார் எடுத்துரைத்தார். பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் நிலைப்பாடும் இதுவேயாகும்.

முடிவுரை

நபியவர்களின் துணைவியருள் இறுதியாக மறைந்தவர் உம்மு சலமா. அவர் மறைந்த ஆண்டினை ஹிஜ்ரி 59 முதல் 62 வரை பலவாறு உரைப்பர். அப்தஹ் வெளியில் அழுத தாயும் ஹுதைபிய்யாவில் வழிகாட்டிய அறிஞரும் ஒருவரே. பொறுமை என்பது அவரிடத்து வாய்மூடியிருத்தலாக அமையவில்லை. தக்க காலம் வரை காத்திருந்து, தக்க சொல்லைச் சொல்லுதலாகவே அமைந்தது. எனவே, அவரைப் பற்றிய எழுத்துகள் அவருடைய கண்ணீருக்கு அளிக்கும் இடத்தை அவருடைய வினாக்களுக்கும் தீர்ப்புகளுக்கும் அளித்தல் வேண்டும்.