சுமார் 100 கறுப்பினக் கல்லூரிகள்... 'ஆர்1' அந்தஸ்து ஒன்றுக்கு மட்டும்! வெளிநாட்டு ஆய்வுக்கு எது தடை?

அமெரிக்க வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் கறுப்பின மாணவர்களுக்காக உருவானவை எச்.பி.சி.யு. கல்லூரிகள். 1964-க்கு முன் தொடங்கியிருந்தால்தான் சட்டப்படி இந்தப் பெயர். இப்போது சுமார் 100 இருக்கின்றன.

இவற்றுக்கு வெளிநாட்டுத் தொடர்பு ஒண்ணும் புதுசு இல்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோவர்ட் தர்மன் (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்) 1935-ல் ஒரு குழுவோடு கொழும்பு வந்தார். அங்கே சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: உங்கள் முன்னோரை அடிமையாக்கியவர்களின் மதத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அந்தக் கேள்வி தர்மனை விடவே இல்லை. 1949-ல் வந்த அவருடைய 'ஜீசஸ் அண்ட் தி டிஸ்இன்ஹெரிட்டட்' நூல் அதற்குச் சொன்ன பதில்தான். இதே பயணத்தில், 1936-ல், காந்தியையும் சந்தித்தார்.

இப்போது என்ன சிக்கல்?

பணம்தான். ஆய்வகம் இல்லாமல் வெளிநாட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு என்ன பயன்? ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஆய்வுச் செலவு, 70 ஆய்வு முனைவர் பட்டங்கள்... இரண்டும் இருந்தால்தான் 'ஆர்1' எனும் உயர் ஆய்வு அந்தஸ்து. 2025 பட்டியலில் அதை எட்டிய ஒரே எச்.பி.சி.யு. ஹோவர்ட்.

மற்றவை ஏன் பின்தங்கின?

மாநில அரசுகள் கை விரித்ததும் முக்கியக் காரணம். லேண்ட் கிராண்ட் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்தின் வெள்ளையர் பல்கலைக்கழகங்களைவிட 30 ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைவாகக் கிடைத்திருக்கிறது என்று 2023-ல் அமெரிக்க மத்திய அரசே 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 210 கோடி டாலர் குறைவு. ஆனால், பணத்தைக் கொடுத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தும் அதிகாரம் அந்தக் கடிதத்துக்குக் கிடையாது.