கப்பலில் ஊர் திரும்பும்போது கலக்கமா?

கொரோனா பரவிய 2020 மே மாதம், மாலத்தீவில் தவித்த 698 பேரைக் கடற்படைக் கப்பல் 'ஐ.என்.எஸ். ஜலாஷ்வா' கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 'இத்தனை பேரோட ஒரே கப்பல்ல வர்றோமே, நமக்கும் ஒட்டிக்குமோ?' என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்காதா என்ன? நியாயமான பயம்தான்.

உங்களுக்கும் அப்படியொரு பயணம் வாய்க்கலாம். காற்றோட்டமில்லாத அறையில்தான் இந்தக் கிருமி எளிதில் தொற்றும். முடிந்தவரை மேல்தளத்தில் இருங்கள். உள்ளே போனால் முகக்கவசம். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அலையில் குமட்டினால் வெந்நீரில் சிட்டிகை சுக்குத்தூள் போட்டுக் குடிக்கலாம். 'கபசுரக் குடிநீர் குடிச்சாச்சே' என்று மட்டும் கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

வீடு வந்ததும் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். பொறுங்கள்! கொரோனா வெளியே தெரிய 14 நாள்கூட ஆகலாம். அதுவரை தனி அறை நல்லது. மூச்சுத் திணறினால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.