வேகம் பெருகிற்று, விளையாட்டு நின்றது

நாகபுரிக்கு நாம் மாற்றலாகி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்பொழுது நம் மகனுக்கு வயது இரண்டு. இன்று அவன் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கிறான். தமிழோ வீட்டில் கேட்கும் வினாவுக்கு இரண்டு சொல்லில் விடை கூறும் அளவே. ஆயினும், மாலை ஏழரை மணிக்கு மதுரையிலுள்ள நம் தமையனார் மகனுடன் இணையத்தில் கால்பந்து ஆட அமர்ந்துவிட்டால், அவன் வாயில் தமிழ் மடை திறந்த வெள்ளமாகும். பணம் வைத்து ஆடும் ஆட்டமன்று அது. அண்ணனும் தம்பியும் பேசிச் சிரித்து ஆடுவது.

சென்ற சித்திரையில் நாம் ஒரு பிழை செய்தோம். பழைய இணைய இணைப்பின் வேகம் 40 மெகாபிட். வேறொரு நிறுவனம் மாதம் 200 ரூபாய் குறைவாக 200 மெகாபிட் தருவதாகக் கூறிற்று. ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகச் செலுத்தி, பழைய இணைப்பை அன்றே துண்டித்தோம்.

முதல் மாலையிலேயே தொல்லை தொடங்கிற்று. பையன் விசையை அழுத்துவான். திரையில் கால் அசையுமுன் எதிரி பந்தைக் கொண்டு போய்விடுவான். "தம்பி, தூங்கிவிட்டாயா?" என்று மதுரையிலிருந்து கேலி எழும். ஐந்தாம் நாள் அவன் ஆட அமரவில்லை. வீட்டில் தமிழொலி குறைந்ததை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

வேகம் ஐந்து மடங்கு பெருகியும் ஆட்டம் ஏன் தடுமாற வேண்டும்? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்குப் புகைவண்டியே விளக்கம் தந்தது. ஒரு சரக்கு வண்டியில் எத்தனை பெட்டிகள் கோக்கலாம் என்பது ஒன்று. அவற்றுள் ஒரு பெட்டி மும்பை சென்று மீள எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறொன்று. விளம்பரத்தில் காணும் மெகாபிட் முன்னதையே குறிக்கும். விளையாட்டு அனுப்பும் செய்திகளோ மிகச் சிறியன. அவற்றுக்கு வேண்டுவது விரைவில் சென்று மீளுதலே. அதில் நேரும் சுணக்கத்தை மில்லி செகண்டில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பர். அளக்கும் கட்டளைக்குப் 'பிங்' என்று பெயர். 1983-இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் அதனை இயற்றினார்.

பழைய இணைப்பில் ஆட்டத்திரை காட்டிய எண் 24, புதியதில் 140. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நாகபுரியிலிருந்து மும்பைக்கு இருப்புப்பாதை வழியே சுமார் 840 கிலோமீட்டர். அத்தொலைவை ஒளி சென்று மீள 9 மில்லி செகண்டும் ஆகாது. இடைநிலையங்களில் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் 24 பொருந்தும். 140 எவ்வாற்றானும் பொருந்தாது.

முதலில் குற்றம் வீட்டில் உள்ளதோ எனத் தேடினோம். வைஃபையை விடுத்துக் கம்பி வழியே கணினியை இணைத்தோம். பிறர் படம் பார்ப்பதை நிறுத்தச் செய்தோம். வீட்டு ரவுட்டர்வரை சென்று மீள 1 மில்லி செகண்டே ஆயிற்று. ஆட்டத்தின் எண்ணோ இறங்கவில்லை. பின்னர் 'டிரேசர்ட்' என்னும் கட்டளையை இட்டோம். செய்தி கடக்கும் நிலையங்களை அது வரிசையாகக் காட்டும். ஆறாம் நிலையத்தில் நேரம் திடீரென உயர்ந்தது. அந்நிலையத்தின் பெயரில் சிங்கப்பூர்க் குறி இருந்தது! மும்பை செல்லவேண்டிய பெட்டி கடல் கடந்து போய் மீண்டிருக்கிறது.

இஃது எவ்வாறு நேர்கிறது? ஒரு நிறுவனத்தின் பாதையிலிருந்து மற்றொன்றின் பாதைக்குச் செய்தி மாற, இரண்டும் கூடும் சந்திப்பு நிலையம் வேண்டும். உள்நாட்டில் மாற்றிக்கொள்ள 2003-இல் நிக்சி என்னும் அமைப்பு தோன்றிற்று. ஆயினும் எச்செய்தியை எவ்வழி விடுவது என்பது நிறுவனங்களின் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஏற்பாடு இல்லாதவிடத்து, அண்டை வீட்டுக்கு அயல்நாடு சுற்றிப் போக நேர்கிறது.

நிற்க. மும்முறை தொலைபேசியில் முறையிட்டோம். "வேகம் 200 வருகிறதே" என்பதே விடை. அலுவலகத்தில் வண்டிகளின் காலதாமதத்தைக் குறித்துவைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நான்கு நாள், காலை, நண்பகல், மாலை என எண்களைக் குறித்தோம். 2012-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களில் புகார் மையத்துக்கு மேல், மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. புகார் எண்ணுடன், எண்களையும் வழிப்பட்டியலையும் அவருக்கு எழுதினோம். பதினோராம் நாள் எண் 31-க்கு இறங்கிற்று. காரணம் கூறும் கடிதம் இல்லை. "குறை தீர்க்கப்பட்டது" என்ற ஒரு வரியே வந்தது.

இணைப்பு மாற்ற நினைக்கும் அன்பர்கட்கு ஒன்று சொல்வோம். புதியதற்கு ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். பிள்ளைகள் ஆடும் அதே மாலைப்பொழுதில், கம்பி வழியே சுணக்கத்தை அளந்து பாருங்கள். அதுவரை பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள். 200 ரூபாய் மிச்சத்துக்காக ஏறக்குறைய ஒரு மாதம் நம் வீடு மௌனத்தில் இருந்தது.

நேற்று மாலை ஏழரை மணிக்கு உள்ளறையிலிருந்து குரல் கேட்டது: "அண்ணே, இப்போ யார் தூங்குறது?"