எண்ணத் தெரிந்தவர்களின் கடல்

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் கிரிபாட்டி நாட்டின் பவளத் தீவுகள் அத்தனையையும் ஒட்டிவைத்தாலும் 811 சதுர கிலோமீட்டர்தான் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பில் இரண்டு மடங்குகூட வராது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள வளம் அந்தந்த நாட்டுக்கே உரியது என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை வகுத்தது. அந்தக் கணக்கில் இதே கிரிபாட்டிக்கு வாய்த்த கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். மக்கள்தொகையோ நம் நடுத்தர நகரம் ஒன்றின் அளவுக்குக்கூட இல்லை. இவ்வளவு கடலை இவ்வளவு பேர் எப்படி ஆள்வது என்ற கேள்விக்குச் சர்வதேச அமைப்புகளிடம் நெடுநாளாக ஒரு விடை உண்டு: திறன் வளர்ப்பு. கடல் சட்ட உடன்படிக்கையின் 14-ஆம் பகுதியும், ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14-ஆவதும் அதைப் பேசுகின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலின் உயிரினங்களைக் காக்க 2023-இல் உருவாகி, 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அதற்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. வசதியுள்ள நாடுகள் பயிற்சியும் கருவியும் தரும், இல்லாத நாடுகள் கற்றுக்கொள்ளும் என்பதுதான் இவை எல்லாவற்றின் உட்கிடை. எந்தத் திறன் என்று மட்டும் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. மீனைப் பிடிக்கும் திறன் ஒன்று. பிடித்ததை எண்ணி, வரம்பு கட்டி, விலை பேசும் திறன் வேறு. முதலாவதைக் கொடுப்பது எளிது, கொடுப்பவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. ஒரு நாட்டுக்குத் தன் கடல்மேல் பிடிமானம் தருவது இரண்டாவதுதான். அதைப் பயிற்சி வகுப்பில் வாங்கி வந்துவிட முடியாது என்பதைப் பசிபிக் தீவுகளின் 40 ஆண்டு அனுபவம் காட்டுகிறது.

பிடிக்கும் திறனை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் பசிபிக் வரை போக வேண்டியதில்லை. 1952-இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்ட இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரைப் பக்கத்தில் தொடங்கியது. உலகின் தொடக்ககால வளர்ச்சி உதவித் திட்டங்களில் அதுவும் ஒன்று. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. படகுக்கு இயந்திரம், ஐஸ் தொழிற்சாலை, படகு கட்டும் தளம், மருத்துவ வசதி, குடிநீர் எல்லாமே ஏழை மீனவக் குடும்பங்களை மனத்தில் வைத்து வந்தவை. அறுபதுகளில் வெளிநாட்டுச் சந்தையில் இறால் விலை ஏறியதும் கதை திரும்பியது. இழுவை மடி கடலடியை வாரத் தொடங்கியது. கடலுக்கே போகாதவர்கள் விசைப்படகு முதலாளிகள் ஆனார்கள். எவ்வளவு எடுத்தால் கடல் தாங்கும் என்று கணக்கிடும் விஞ்ஞானிகள் அப்போதும் இருந்தார்கள். அந்தக் கணக்கைக் காட்டி, "இதற்கு மேல் படகு கூடாது" என்று சொல்லும் அதிகாரம்தான் எங்கும் இல்லை. எண்பதுகளில் கட்டுமர, வள்ள மீனவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1988-இல்தான் கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை வந்தது. தமிழகக் கரையிலும் அரசு மானியத்தோடு இதே பாதையில் விசைப்படகுகள் பெருகின. பாக் நீரிணையில் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களுக்கும் இடையே இன்று நிற்கும் பகையின் வேர்களில் ஒன்று அந்த இழுவை மடிதான். பழியை நார்வேயின் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. ஆனாலும் இன்ஜினோடு சேர்த்து வரம்பு கட்டும் அமைப்பையும் யாராவது யோசித்திருக்கலாம்.

பசிபிக்கில் வரிசை மாறி நடந்தது. அந்தத் தீவுகளிடம் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் கிடையாது. ஜப்பான், அமெரிக்கா, கொரியா, தைவான் கப்பல்கள் வந்து சூரை மீனை அள்ளின. என்ன பிடித்தோம் என்று அவர்களே சொல்வதுதான் கணக்கு. உரிமக் கட்டணமாகத் தீவுகளுக்குக் கிடைத்தது மீன் மதிப்பில் ஐந்தாறு சதவீதத்தை ஒட்டிய தொகை. ஒரு நாடு விலையைக் கூட்டினால் கப்பல் பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போய்விடும். இதை உடைக்க 1979-இல் சாலமன் தீவுகளின் தலைநகரான ஹொனியாராவில் தீவு நாடுகள் தங்கள் மன்றத்தின் மீன்வள முகமையை அமைத்தன. சூரை அதிகம் திரியும் கடல்களைக் கொண்ட நாடுகள் 1982-இல் நவூருவில் கூடித் தனி ஒப்பந்தம் போட்டன. உரிம நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவோ, சூரை ஓடும் மீன், அது எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல என்று சாதித்தது. 1984-இல் தன் கடலுக்குள் மீன்பிடித்த ஜீனெட் டயானா என்ற அமெரிக்கக் கப்பலைச் சாலமன் தீவுகள் பிடித்து வைத்தபோது, அந்நாட்டு மீனை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா தடை போட்டது. மறு ஆண்டே கிரிபாட்டி சோவியத் ஒன்றியத்தோடு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டது. பனிப்போர்க் காலம் அது. வாஷிங்டனுக்குச் சட்டத்தைவிட இது சட்டென்று புரிந்தது. 1987-இல் தீவு நாடுகள் எல்லாவற்றுடனும் ஒரே மேசையில் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 6 கோடி டாலர்.

சேர்ந்து பேசினால் மட்டும் போதாது, என்ன பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். நியூ கலிடோனியாவின் நூமேயா நகரிலிருந்து இயங்கும் பசிபிக் சமூகம் என்ற அமைப்பு, 1977 முதல் 1981 வரை சுமார் 1,40,000 வரிச்சூரைகளைப் பிடித்து, அடையாளச் சீட்டு குத்தி, மறுபடி கடலில் விட்டது. சீட்டோடு திரும்ப அகப்பட்ட மீன்கள், கூட்டம் எவ்வளவு பெரியது, எங்கே போகிறது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று காட்டிக்கொடுத்தன. பின்னர் வெளிநாட்டுக் கப்பல்களின் நடமாட்டத்தைச் செயற்கைக்கோள் வழியே பார்க்கும் அமைப்பு ஹொனியாராவில் வந்தது. ஒரே பாடத்திட்டத்தில் தேறிய உள்ளூர் கண்காணிப்பாளர்கள் கப்பல்களில் ஏறினார்கள். 2010 முதல் சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆனது. நம் கரையில் சண்டை மூட்டும் அதே சுருக்குமடிதான். அங்கே வலை போடுவது 50, 80 மீட்டர் நீளக் கப்பல்கள். இவ்வளவு கணக்கும் கையில் இருந்ததால்தான் 2007-இல் அவர்களால் கப்பல்-நாள் திட்டத்தைக் கொண்டுவர முடிந்தது. ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் சுருக்குமடி போடலாம் என்று வரம்பு கட்டி, அந்த நாள்களை நவூரு ஒப்பந்தத்தின் எட்டு நாடுகளும் பங்கிட்டு விற்கும் ஏற்பாடு இது. 80 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு ஒரு நாள் ஒன்றரை நாளாகக் கழியும். 2010-இல் மார்ஷல் தீவுகளின் மஜூரோவில் தனி அலுவலகம் திறந்தது. அதன் முதல் தலைமை அதிகாரி, சாலமன் தீவுகளின் சட்ட வல்லுநர் டிரான்ஸ்ஃபார்ம் அகோராவ். ஒரு நாளின் அடிமட்ட விலை 5,000 டாலரில் இருந்து 8,000 டாலராக ஏறியது. 2010-இல் ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்த மொத்த வருமானம் பத்தாண்டு முடிவதற்குள் 50 கோடி டாலரை எட்டியது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தங்கள் கடல்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கும் திறந்த கடல் துண்டுகள்மேல் இந்நாடுகளுக்குச் சட்ட உரிமை இல்லை. அங்கே வலை போடுகிற கப்பலுக்கு எங்கள் கடலில் உரிமம் கிடையாது என்று நிபந்தனை வைத்து அவற்றையும் மூடினார்கள். இந்த யோசனை எந்தக் கையேட்டிலும் இருந்ததல்ல.

இது வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். உலகின் வரிச்சூரையில் பாதியை ஒட்டிய பங்கு இந்த எட்டு நாடுகளின் கடலில் பிடிபடுகிறது. எண்ணெய் நாடுகள் விலை வைத்ததுபோல் இவர்களும் வைத்தார்கள், இதில் திறன் எங்கே வந்தது? மீன் 1982-இலும் அங்கேதான் இருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. ஆனாலும் அடுத்த கால் நூற்றாண்டுக்கு வருமானம் சில்லறையாகவே இருந்தது. கப்பல்-நாளை எண்ணவும், ஏமாற்றினால் பிடிக்கவும் முடிந்த பிறகுதான் விலை ஏறியது. தவிர, வெறும் விலைக் கூட்டணி என்றால் மீன் தீர்ந்திருக்க வேண்டும். மேற்கு, மத்திய பசிபிக்கின் நான்கு முக்கியச் சூரைக் கூட்டங்களுமே அளவுமீறிப் பிடிக்கப்படாத நிலையில் இருப்பதாகத்தான் மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் இந்த வழி எல்லாக் கடலுக்கும் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பெருங்கடலில் சூரையில் கணிசமான பங்கு திறந்த கடலில் பிடிபடுகிறது, கரை நாடுகளின் நலன்களும் பலவாகச் சிதறியிருக்கின்றன. 2023 பிப்ரவரியில் மொம்பாசா கூட்டத்தில், மீனைக் கூட்டும் செயற்கை மிதவைகளுக்கு ஆண்டில் 72 நாள் தடை என்று கரை நாடுகள் வாக்கெடுப்பில் வென்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் தெரிவித்து, அந்த முடிவு தன்னைக் கட்டுப்படுத்தாதபடி விலகிக்கொண்டது. வாக்கு இருந்தது, உரிமத்தை மறுக்கும் பிடி இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் ஆழமானது. நூமேயாவின் மீன் கணக்கர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள், செலவிலும் பெரும்பங்கு வெளியார் பணம். இதைத் தீவுகளின் சொந்தத் திறன் என்று எப்படிச் சொல்வது? துவாலுவின் மக்கள்தொகை சுமார் 11,000. அங்கே மீன் கூட்டத்தைக் கணிக்கும் புள்ளியியல் நிபுணர்களும் கடல் சட்ட வழக்கறிஞர்களும் தனித்தனியாக உருவாகித்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, தெருவுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி கேட்பதைப் போன்றது. தேறியவர்களில் பாதிப்பேர் வேலை தேடி ஆக்லாந்துக்குப் போய்விடுவார்கள். நிபுணர் எந்த நாட்டவர் என்பதைவிட, அவர் யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதே முக்கியம். நூமேயாவையும் ஹொனியாராவையும் நடத்தும் ஆட்சிக் குழுக்களில் தீவு நாடுகளே பெரும்பான்மை. மஜூரோ அலுவலகம் அவர்களுக்கே சொந்தம், மீன் பணத்தில் நடக்கிறது. திறனை நாட்டுக்கு நாடு பிரித்துக் கொடுக்காமல் பொதுவில் வைத்துக்கொண்டதுதான் இங்கே பிழைத்த முறை.

கருவி உதவிக்கு என்ன நேர்ந்தது என்பதும் பார்க்கத்தக்கது. 1987 முதல் பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியா 12 நாடுகளுக்கு 22 ரோந்துப் படகுகள் கொடுத்தது. உடன் தன் கடற்படை ஆலோசகர்களையும் உட்காரவைத்தது, அதனால் படகுகள் துருப்பிடித்துப் போகவில்லை. ஆனால் டீசலுக்குப் பணமில்லாத நாடுகளில் அவை கரையிலேயே நின்ற காலம் அதிகம். 2018 முதல் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய படகுகளில் 2022-இல் புகைபோக்கிப் பகுதியில் விரிசல் தெரிந்தது; நச்சு வாயு கசியும் ஆபத்து என்று எச்சரிக்கை போனது. எங்கே ஓட்ட வேண்டும் என்று செயற்கைக்கோள் கணக்கு சொல்லும்போதுதான் ரோந்துப் படகுக்கே பயன். சாலமன் தீவுகள் 2022-இல் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த பிறகு, படகும் பயிற்சி இடங்களும் அங்கே போட்டி போட்டுக்கொண்டு வருகின்றன. வாங்குபவருக்கு இது நல்ல காலம்தான், எது தேவை என்று அவரே சொல்லும் வரை.

இவ்வளவு பணம் வந்தும் சாதாரணத் தீவுக்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கிரிபாட்டி அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் மீன் உரிமத்தில் வருகிறது; ஆனாலும் அங்கே நல்ல குடிநீர் இன்னும் பிரச்சினைதான். கடலை ஆளும் திறன் கஜானாவை ஆளும் திறனாகத் தானே மாறிவிடாது. ஒப்பந்தத்துக்குப் பெயர் கொடுத்த நவூருவே இதற்குச் சாட்சி. தீவைத் தோண்டி விற்ற பாஸ்பேட் பணத்தைக் கண்டபடி முதலீடு செய்தது. 1993-இல் லண்டனில் லியோனார்டோ டா வின்சியைப் பற்றி இசை நாடகம் ஒன்றுக்குக்கூடப் பணம் போட்டது. நாடகம் படுதோல்வி. மீன் பணமும் அப்படிப் போகலாம். ஆனால் சூரைக் கூட்டத்தை வரம்புக்குள் வைத்திருந்தால் அடுத்த ஆண்டும் வருமானம் வரும். தோண்டி எடுத்த பாஸ்பேட் திரும்ப வராது.

பருவநிலை மாற்றம் வேறு விதமான கணக்கைக் கேட்கிறது. கடல் ஏறினால் கரை பின்வாங்கும். கரையிலிருந்து அளக்கும் 200 மைலும் பின்வாங்குமா? இந்தக் கவலையோடு தீவுகளின் நில அளவையாளர்களும் வழக்கறிஞர்களும், பசிபிக் சமூகம், ஆஸ்திரேலிய நிபுணர்களோடு உட்கார்ந்து, எல்லைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஐ.நா.விடம் பதிந்து வருகிறார்கள். யாரும் படம் எடுத்துப் போடாத வேலை. ஒருமுறை முறைப்படி பதிந்த எல்லை, கடல் ஏறினாலும் மாறாது என்று 2021-இல் பசிபிக் தீவுகள் மன்றம் பிரகடனம் செய்தது. கடல் ஏறுவதற்காக நாடுகள் தங்கள் எல்லைப் படங்களைத் திருத்த வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் தன் ஆலோசனைக் கருத்தில் சொன்னது.

எல்லை நின்றாலும் மீன் நிற்காது. கடல் சூடேறச் சூடேறச் சூரை கிழக்கே, திறந்த கடலை நோக்கி நகரும் என்கிறது 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று. கரிம வெளியேற்றம் குறையாவிட்டால் 2050 வாக்கில் பத்துத் தீவு நாடுகளின் கடலில் சுருக்குமடிப் பிடிப்பு சராசரியாக 20 சதவீதம் சரியலாம். புதிய திறந்த கடல் ஒப்பந்தம் இதற்கு உதவாது. மீன்பிடிப்பை நெறிப்படுத்தும் வேலையை அது மண்டல அமைப்புகளிடமே விட்டிருக்கிறது. எனவே அடுத்த பேரம் மைக்ரோனீசியாவின் போன்பேயில் இயங்கும் சூரை ஆணையத்தில்தான் நடக்க வேண்டும். எங்கள் கடலை விட்டு வெளியேறும் மீனில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று அங்கே வாதாட, எத்தனை மீன், எங்கிருந்து, எப்போது நகர்ந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கான அடையாளச் சீட்டுக் குத்தும் கப்பல்களுக்கும், கப்பலில் ஏறும் கண்காணிப்பாளர்களுக்கும் ஆண்டுதோறும் தடையின்றிப் பணம் வர வேண்டும். உதவ நினைக்கும் நாடுகள் முதலில் அந்தச் செலவை ஏற்கட்டும்.